பெரியப்பாவும் ஸ்டேக் ஹவுஸும்

2025 யூலை 8, செவ்வாய்

ரொறன்ரோவில் இருந்து அண்ணா குடும்பம் திருகோணமலைக்கு வந்து இன்றோடு நான்கு நாள். பின்னேரத் தேத்தண்ணியோடு அறிவித்துவிட்டார்: எல்லோரையும் ஒரு நல்ல இடத்துக்குச் சாப்பிடக் கூட்டிப் போகப் போகிறாராம். அலஸ்தோட்டத்துப் பக்கம் றால் கறி நன்றாக வைக்கும் கடை ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. உப்புவெளிக் கரையில் ஒரு பெரிய ரிசோர்ட்டுக்குள் ஸ்டேக் ஹவுஸ் திறந்திருக்கிறார்கள், 1950கள் மாதிரி அலங்காரம். அண்ணாவின் மகன் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். சிவப்புத் தோல் இருக்கைகள், கறுப்பு வெள்ளைச் சதுரத் தரை, சுவரில் இருந்து பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மொரிஸ் மைனர் கார்.

"மாட்டிறைச்சிக் கடைக்கா சைவக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போறாய்?" என்று பெரியம்மா கேட்டார். மீனும் கோழியும் இருக்கு என்றார் அண்ணா. தான் வரவில்லை என்று பெரியம்மா அப்போதே முடித்துவிட்டார்.

நாள் குறிப்பதுதான் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது போல ஆகிவிட்டது. வியாழன் என்றால் போயா, பௌர்ணமி விடுமுறை, மது ஊற்ற மாட்டார்கள். அண்ணாவுக்கு வைன் வேண்டும். வெள்ளி என்றால் வீட்டில் யாருக்கும் மச்சம் இல்லை, மீனும் இறைச்சியும் தொடமாட்டோம். கடைசியில் சனி இரவு ஏழரை என்று புக் பண்ணினோம்.

இவ்வளவும் நடக்கும்வரை சாய்மனைக் கதிரையில் கண்மூடிக் கிடந்த பெரியப்பா, ஸ்டேக் என்ற சொல் காதில் விழுந்ததும் கேட்டார்: "எங்க, மெஸ்ஸிலயா?"

அவருக்கு 86 வயது. 1954இல் பதினைந்து வயதுப் பெடியனாகக் கடற்படைத் தளத்து அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் பான்ட்ரி வேலைக்குச் சேர்ந்தவர். 1957இல் வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அந்த வேலையும் போய்விட்டது. அதன் பிறகு நாற்பது வருடம் வேறு எவ்வளவோ செய்தார். ஆனால் மெஸ் என்றால் அவருக்கு இன்றைக்கும் அது ஒன்றுதான்.

2025 யூலை 10, வியாழன்

போயா, பாடசாலை இல்லை. சனிக்கிழமைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று ஹோட்டலில் இருந்து செய்தி வந்திருந்தது. பெரியப்பாவிடம் சப்பாத்து இல்லை, வாங்கவும் விடமாட்டார். "பான்ட்ரிக்குள்ள வெறுங்காலோட நிண்டனான்" என்கிறார். மார்க்கெட் பக்கம் போய் முன்பக்கம் மூடிய கறுப்புச் சாண்டில் ஒன்று வாங்கி வந்தேன். பின்பக்கம் திறந்ததுதான், இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

2025 யூலை 12, சனி, இரவு 11.40

வயிறு நிறைந்திருக்கிறது, நித்திரை வரவில்லை. மறக்க முதல் எழுதிவிடுகிறேன்.

இடம் அழகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். வாசலில் டயல் சுற்றும் கறுப்புத் தொலைபேசி. அண்ணாவின் மகள் அதில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள், சுற்ற வேண்டும் என்று தெரியவில்லை. மூலையில் மரப்பெட்டி ரேடியோ, வெளிச்சம் எரிகிறது, பாட்டு மட்டும் கூரை ஸ்பீக்கரில் இருந்து வருகிறது. பரிமாறுகிற பெடியங்கள் போ டையும் தோள்வாரும். மெனு பழைய இசைத்தட்டு உறை மாதிரிச் சதுர அட்டையில் இருந்தது.

பெரியப்பா இருக்கையில் உட்காரவே நேரம் எடுத்தது. மேசையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். முள்ளுக்கரண்டிகளின் வரிசையைப் பார்த்தார், ஒன்றை அரை அங்குலம் தள்ளி வைத்தார். அப்புறம்தான் இருந்தார். இருந்தும் முதுகு சாயவில்லை, நுனியில்தான் இருந்தார்.

மெனுவின் முதல் பக்கத்தில் ஒரு பந்தி: பிரித்தானியக் கடற்படை அதிகாரிகள் திருகோணமலையில் ஸ்டேக்கும் விஸ்கியுமாகக் கழித்த அந்தப் பொற்காலம் என்று போகிறது. நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். பெரியப்பா சிரித்தே விட்டார்.

"எங்க திண்டவங்கள்? ஞாயிற்றுக்கிழமை ஒரு றோஸ்ட். மற்ற நாளில ரின் மீனும் அவிச்ச உருளைக்கிழங்கும். சில ஞாயிறு அவங்களே சோறு கறி கேப்பாங்கள்."

அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. யுத்தம் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, 1954 யூலை 4ஆம் திகதிதான் இங்கிலாந்தில் இறைச்சிக்கான கூப்பன் முறையை நிறுத்தினார்கள். பெரியப்பா வேலைக்குப் போன அதே வருடம். அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கே தடித்த ஸ்டேக் கனவில்தான் வந்திருக்கும். குரோமியமும் சிவப்புத் தோலும் சதுரத் தரையும் அமெரிக்கச் சாப்பாட்டுக் கடையினது. எங்கள் ஊர் 1950களில் இது எதுவும் இல்லை. ஏதோ ஒரு 1950களை எங்கேயோ வாங்கி வந்து எங்கள் கடற்கரையில் இறக்கியிருக்கிறார்கள்.

சுவர் நிறையக் கறுப்பு வெள்ளைப் படங்கள். எங்கள் மேசைக்கு நேர் மேலே பெரிய படம், கீழே பித்தளைத் தகட்டில் 'திருகோணமலைத் துறைமுகம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, உது கொழும்பு."

"எப்படிப் பெரியப்பா?"

"உதில பார், தண்ணிக்குள்ள நீளத்துக்குக் கல்லுச் சுவர் போகுது. அலையை மறிக்கக் கட்டினது. எங்கட ஹாபருக்கு ஏன் சுவர்? மலையே மறிச்சுக்கொண்டு நிக்குது."

எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். 1875இல் அடிக்கல் வைத்துக் கொழும்பில் கட்டத் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. இந்தத் துறைமுகத்துக்காக எத்தனை நாட்டுக்காரன் சண்டை பிடித்தான்! அது இயற்கையாகவே மூடிக் கிடப்பதால்தானே பிடித்தான். அதே ஊரில், அதே கடலைப் பார்த்தபடி, கொழும்புப் படத்தைத் தூக்கி மாட்டியிருக்கிறார்கள்.

முதலில் றால் கொக்டெய்ல் வந்தது. காலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் ஆறு றால்கள் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தன. நடுவில் இளஞ்சிவப்புச் சோஸ், தக்காளி சோஸும் மயோனெய்ஸும் கலந்ததுதான். றால் நல்ல றால், சோஸ் இனிப்பு. நான் பச்சை மிளகாய் கேட்டேன். பெடியன் ஒளித்துவைத்தது போல ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தான், அதிலேயே அவனும் எங்கள் ஆள் என்று தெரிந்தது. கிண்ணியாவாம்.

அண்ணாவும் மகனும் ரிப் ஐ, 300 கிராம், ஒன்று 19,500 ரூபாய், வரிகள் வேறு. அவுஸ்திரேலியாவில் இருந்து குளிரூட்டி வந்தது. மகன் மீடியம் ரேயர், அண்ணா மீடியம். அண்ணியும் மகளும் கோழி. நான் அறக்குளா மீன். பெரியப்பா உருளைக்கிழங்கும் அவித்த போஞ்சியும் மட்டும் கேட்டார். மெஸ்ஸில் மூன்று வருடம் மாட்டிறைச்சியைச் சுமந்தவர், ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. வேலை முடிந்து வந்தால் கிணற்றடியில் உடுப்பைக் கழற்றி, தலையில் மூன்று வாளி ஊற்றிய பிறகுதான் அவரின் அம்மா வீட்டுக்குள் விடுவாராம். "சம்பளக் காசை மட்டும் கழுவச் சொல்லேல்லை" என்றார்.

ஸ்டேக் வந்தது. சொன்னால் சொன்னதுதான், வாசம் என்னை ஒரு கணம் நிறுத்தியது. நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அந்த வாசம் எனக்குப் பழக்கமானது. பாண் கருகும் விளிம்பில், தோசை முறுகும் ஓரத்தில், கோப்பிக்கொட்டை வறுபடும்போது வருவது அதுதான். அமினோ அமிலமும் வெல்லமும் 140 பாகைக்கு மேல் ஒன்றோடொன்று தாக்கமுறுவது. மையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் எழுதியது. இறைச்சி உள்ளே 55 பாகையில் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே வெளித்தோல் இந்த நிறத்துக்கு வர வேண்டும், சமையற்காரனின் கெட்டித்தனம் அங்கேதான்.

மகன் வெட்டினான், சிவப்பாகச் சாறு ஓடியது. அவன் தங்கச்சி "இரத்தம்" என்று முகத்தைத் திருப்பினாள். இரத்தம் இல்லை, அது மயோகுளோபின், தசைக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் புரதம் என்றேன். "இங்கயும் வகுப்பா?" என்றார் அண்ணா. சரி என்று வாயை மூடினேன். அதனால்தான் பிரதான சமையற்காரர் மேசைக்கு வந்து, அதிக சூட்டில் வாட்டி உள்ளே சாறைப் பூட்டி வைக்கிறோம் என்று சொன்னபோதும் பேசாமல் இருந்தேன். பூட்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லீபிக் சொன்ன பிழை அது. எங்கள் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் கழுவிக் கழுவி உடைக்கிற ஒடுக்கிக்குப் பெயர் கொடுத்த அதே லீபிக். வாட்டிய இறைச்சியை நிறுத்துப் பார்த்தால் சாறு வெளியேறியது தெரியும்.

பெரியப்பாவின் பிரச்சினை வேறு. பெடியன் தட்டுகளை எல்லோருக்கும் வலப்பக்கத்தால் வைத்தான். பெரியப்பா மெதுவாக, "தம்பி, சாப்பாடு இடப்பக்கத்தால. எடுக்கிறதுதான் வலப்பக்கம்" என்றார். அண்ணா நெளிந்தார். பெடியன் நெளியவில்லை.

"ஐயா, இப்ப பிளேட்டிலயே போட்டுத்தானே வருது. அதுக்கு வலப்பக்கம் எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க."

"ஓ. நாங்கள் பெரிய தட்டில கொண்டு போவம். ஒவ்வொருத்தருக்கும் எடுத்து வைக்கிறது."

"எப்படி எடுக்கிறது ஐயா?"

பெரியப்பா கரண்டியை எடுத்தார், முள்ளை அதன் மேல் வைத்தார். இரண்டும் ஒரே கையில், வலது கையில். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கரண்டிக் காம்பைப் பிடித்திருக்க, சுட்டுவிரல் இடையில் புகுந்து முள்ளைத் திறந்து மூடியது. கை நடுங்கியது. ஆனால் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைக் கவ்வியபோது நடுக்கம் நின்றது. உருளைக்கிழங்கு நசியாமல் பேத்தியின் தட்டுக்குப் போனது, இடப்பக்கத்தால். பெடியன் தானும் முயன்றான், போஞ்சி மேசைவிரிப்பில் விழுந்தது. இன்னொரு மேசையில் யாரோ கூப்பிட்டார்கள், ஓடிவிட்டான்.

கடைசியில் தீ. தள்ளுவண்டியில் அடுப்பும் தோடம்பழச் சாறும் மெல்லிய அப்பங்களும். பிராண்டி ஊற்றிக் கொளுத்துவதுதான் காட்சி, எல்லோரும் போனைத் தூக்கினார்கள். கடற்கரைப் பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், தரைப் பக்கம் இருந்து அடிக்கும் கச்சான் காற்று அது பாட்டுக்குக் கட்டடத்தைச் சுற்றி வந்து உள்ளே நுழைந்தது. முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும். மூன்றாவதற்குப் பெடியனின் காது சிவந்துவிட்டது. நான் திரும்புவதற்குள் பெரியப்பா எழும்பி, இசைத்தட்டு மெனுவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்கிறார். நீலச் சுவாலை ஒரு முழத்துக்கு எழும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை, சுவாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவர் இந்த முறை நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

2025 யூலை 14, திங்கள்

பில்லைப் பற்றி எழுதவில்லை. ஒரு வைன் குடித்ததற்கு இரண்டு போட்டிருந்தார்கள், சொன்னதும் மாற்றினார்கள். சேவைக் கட்டணம் 10 வீதம், வற் 18 வீதம், எல்லாம் சேர்ந்து வந்த தொகையை அண்ணா என்னிடம் காட்டவில்லை. டொலரில் நினைக்கிறவருக்கு அது வேறு தொகைதான்.

மிச்ச ஸ்டேக்கைப் பெட்டியில் போட்டுத் தந்திருந்தார்கள். அந்தப் பெட்டி கேற்றுக்குள் வரக்கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டார். மதில் மேல் ஒரு இரவு இருந்தது. காலையில் நாய் ரைகர் அதை முடித்துவிட்டு, வாலை ஆட்டியபடி மதிலையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆசிரியர் அறையில் கிண்ணியா மிஸ் முதல் கேட்டது ஹலாலா என்பதுதான். இறைச்சி ஹலால் சான்றிதழோடு வந்தது என்று பெடியன் சொன்னான், ஆனால் மிளகு சோஸில் பிராண்டி இருக்கிறது என்றேன். "அப்ப சோஸ் இல்லாமக் கேக்கலாம்" என்று அவ சொல்லும்போதே விலையையும் சொன்னேன். "சோஸும் வேண்டாம், ஸ்டேக்கும் வேண்டாம்." 2020இல் மாடு அறுப்பதை நிறுத்துவது பற்றி அமைச்சரவை பேசியபோது, சாப்பிடுகிறவர்களுக்கு இறக்குமதி செய்து கொடுக்கலாம் என்றார்கள். அப்படி வந்த இறைச்சி யாருடைய தட்டுக்குப் போகும் என்று அப்போது எங்கள் ஆசிரியர் அறையில் நடந்த வாக்குவாதம் இன்று மறுபடி தொடங்கி, இரண்டாம் மணியோடு நின்றது.

2025 யூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பெரியப்பா தன் அப்பாவுக்கு விரதம். பெரியம்மா யாழ்ப்பாணம் என்பதால் காத்தோட்டிக்காய் இல்லாமல் இந்த நாள் நடக்காது, மூன்று நாளாகத் தேடி ஒருவழியாகக் கிடைத்தது. காகத்துக்கு வைத்துவிட்டு வந்து எல்லோரும் இலைக்கு முன்னால் இருந்தோம். அண்ணாவின் மகன் சம்மணம் கட்டத் தெரியாமல் காலை ஒருபக்கம் மடித்துக்கொண்டிருந்தான்.

பெரியம்மா சோற்றைப் போட்டுக்கொண்டு வர, பெரியப்பா எழும்பிக் குசினிக்குள் போனார். ஏன் எழும்புகிறீங்கள், இருங்கோ என்று பெரியம்மா கத்தினார். வடைச் சட்டியோடு வந்தார். வலது கையில் கரண்டியும் முள்ளும். பேரனின் இடப்பக்கம் குனிந்து, ஒரு வடையைக் கவ்வி, இலையின் நுனிப் பக்கம் வைத்தார்.

"அந்தப் பெடியன் இப்ப பழகியிருப்பானோ?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே அடுத்த இலைக்குப் போனார்.