இரண்டாவது சம்பளம் வந்ததும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றிய விதம்

அமெரிக்காவில் துணைவருக்கு எச்4 ஈஏடி (எச்1பி விசாக்காரரின் துணைவருக்கான வேலை அனுமதி) வந்து வேலைக்குச் சேரும்போது, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில் 'மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி' (கணவன் மனைவி சேர்ந்து வரிக் கணக்குத் தாக்கல்) கட்டத்தை மட்டும் டிக் செய்து கையெழுத்துப் போட்டுவிடுவது வழக்கம். துண்டு விழுவது அங்கேதான். வீட்டுக்கு இந்த ஒரு சம்பளம்தான் என்று இரண்டு கம்பெனியும் தனித்தனியே நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவான கழிவான முழு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனையும் குறைந்த வரி அடுக்குகளையும் ஆளுக்கொரு முறை கொடுத்துவிடுகின்றன.

2026 கணக்கையே போட்டுப் பாருங்கள். இருவருக்கும் தலா 90,000 டாலர், 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு போன்ற கழிவு எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் 32,200 கழித்து, மீதி 57,800-க்கு 6,440 டாலர் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து 12,880. உண்மையில் 1,80,000-லிருந்து 32,200-ஐ ஒரே ஒரு முறைதான் கழிக்கலாம், வரி 21,940. ஏப்ரலில் கணக்குத் தாக்கல் செய்யும்போது கையிலிருந்து கட்ட வேண்டியது 9,060 டாலர்.

இதற்கு மருந்து, வீட்டில் இரண்டு வேலை உண்டு என்று சொல்லும் 2(சி) கட்டம். இருவருடைய படிவத்திலும் டிக் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் பாதிக் கிணறுதான். இருவரும் செய்தால் ஒவ்வொரு கம்பெனியிலும் டிடக்‌ஷனும் அடுக்குகளும் பாதியாகிவிடும். இரண்டு சம்பளமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இது கச்சிதமாகப் பொருந்தும். ஒன்று மற்றதில் பாதிக்கும் கீழே என்றால் தேவைக்கு மேல் பிடிப்பார்கள். அப்போது ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்தில் உள்ள, பிடித்தத்தைக் கணக்கிட்டுத் தரும் எஸ்டிமேட்டர்தான் நல்லது. இருவரின் கடைசி பே-ஸ்டப்பும் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை.

குழந்தைகளுக்கான வரிச்சலுகையைக் கேட்கும் ஸ்டெப் 3-ஐ அதிகச் சம்பளம் வாங்குபவரின் படிவத்தில் மட்டும் நிரப்புங்கள். 17 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 2,200 டாலர். ஆனால் அதற்குக் குழந்தைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். இந்தியாவில் பிறந்து ஐடிஐஎன் (அந்த எண் கிடைக்காதவர்களுக்கான வரி எண்) மட்டும் வைத்திருக்கும் குழந்தைக்கு 500 தான். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பினாலும், அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவோ வரிக் கணக்கில் ரெசிடென்டாகவோ இல்லாவிட்டால் இங்கே சேர்க்க முடியாது.

ஆண்டு நடுவில் விழித்துக்கொண்டால் 2(சி) மட்டும் போதாது, அது இனி வரும் சம்பளத்தைத்தான் சரிசெய்யும். ஆண்டு முழுவதற்குமான கூட்டு வரியிலிருந்து இதுவரை பிடித்ததையும், டிசம்பர் வரை பிடிக்கப்போவதையும் கழியுங்கள். மிச்சம் 3,000 டாலர், இன்னும் 10 சம்பளம் பாக்கி என்றால், ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தொகைக்கான 4(சி) கட்டத்தில் 300 என்று எழுதுங்கள். சம்பளத்தில் பிடித்த வரி எந்த மாதம் பிடித்திருந்தாலும் பொதுவாக ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். காலாண்டுதோறும் நாமே நேரடியாகக் கட்டும் எஸ்டிமேட்டட் டாக்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் தாமதமாகச் சரிசெய்பவர்களுக்கு 4(சி) தான் பாதுகாப்பான வழி. பாக்கி 1,000 டாலருக்குக் கீழே இருந்தாலோ, இந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ போன ஆண்டு வரி முழுவதுமோ பிடிபட்டிருந்தாலோ பெனால்டி இல்லை. போன ஆண்டு ஏஜிஐ (சில கழிவுகள் போக மீதி வருமானம்) 1,50,000-ஐத் தாண்டியிருந்தால் அந்த 100 சதவீதம் 110 ஆகிவிடும்.

போனஸும் ஆர்எஸ்யூவும் (கம்பெனி தரும் பங்குகள்) தனிக் கதை. அவற்றுக்குப் பெரும்பாலும் தட்டையாக 22 சதவீதம்தான் பிடிப்பார்கள். நீங்கள் 24 அல்லது 32 சதவீத அடுக்கில் இருந்தால் அந்த வித்தியாசத்தையும் 4(சி)-யில் சேர்த்துவிடுங்கள்.

மாநில வரிக்குப் படிவம் வேறாக இருக்கலாம்: கலிஃபோர்னியாவில் டிஇ 4, நியூயார்க்கில் ஐடி-2104. டெக்சாஸில் இந்தத் தலைவலியே இல்லை.

படிவம் கொடுத்ததும் அடுத்த சம்பளத்திலேயே மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமல்படுத்தக் கம்பெனிக்குச் சுமார் 30 நாள் அவகாசம் உண்டு. பே-ஸ்டப்பில் ஃபெடரல் வித்ஹோல்டிங் வரியைப் பழையதோடு ஒப்பிட்டு, மாறவில்லை என்றால் பேரோலைக் கேளுங்கள். ஜனவரி பிறந்ததும், பழைய குறையை ஈடுகட்டப் போட்ட 4(சி) தொகையை எடுத்துவிட்டுப் புதிய படிவம் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு முழுவதும் அந்த 300 தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.