குதித்துக் காட்டு

ஆகஸ்ட் 12, 2024, இரவு 11.40

பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒரு பையன், 9 வயது. நேற்று ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி, பிறகு இரண்டு வாந்தி, இன்று மத்தியானத்திலிருந்து வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. "குடலேத்தம்னு எண்ணெய் போட்டுத் தட்டி விட்டோம் டாக்டரம்மா, கேக்கல" என்றார் பாட்டி. வலி முந்தி, வாந்தி பிந்தி என்றாலே குடல்வால் வீக்கமோ (அப்பெண்டிசைட்டிஸ்) என்று உஷாராகிவிட வேண்டும். "பரோட்டா வாங்கித் தரவா?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கட்டிலை விட்டு இறங்கி ஒரு குதி குதிக்கச் சொன்னேன். குதிக்கவில்லை. குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தான்.

குழந்தைகளின் குடல்வால் வீக்கத்தைக் கணிக்க மதன் சாமுவேல் 2002-ல் வெளியிட்ட மதிப்பெண் முறையில் 10-க்கு 9. காய்ச்சல் மட்டும்தான் இல்லை. ஸ்கேனில் குடல்வால் 9 மி.மீ., அழுத்தினாலும் அமுங்கவில்லை. 6-ஐத் தாண்டினாலே சந்தேகம்தான். ட்ரிப்ஸ், ஆன்டிபயாடிக், வலிக்கு மருந்து. வலி மருந்து போட்டால் நோய் மறைந்துவிடும் என்று நம்புகிற சீனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறையாது. பிள்ளை அடங்கி, வயிற்றைத் தொட விடும், அவ்வளவுதான்.

நடுவில் 4 வயதுப் பெண் குழந்தை. காய்ச்சல், நாலு தடவை பேதி. எங்கே தொட்டாலும் அழுகை. ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 13

பையனுக்குக் காலையில் லேப்ராஸ்கோப்பி. தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் இரண்டு. குடல்வால் சிவந்து விரைத்துக் கிடந்தது, ஓட்டை விழவில்லை. ரத்தக்குழாய் வருகிற மடிப்பைச் சுட்டுப் பிரித்து, அடியில் நூல் சுருக்குப் போட்டு வெட்டினோம். 40 நிமிடம்.

"அது இல்லாம புள்ள நல்லா இருப்பானா?" என்றார் அப்பா. இருப்பான். எழுத்தில் பதிவான முதல் குடல்வால் அறுவை 1735-ல் லண்டனில் நடந்தது. செய்தவர் கிளாடியஸ் அமியாண்ட். அதுவும் 11 வயதுப் பையனுக்குத்தான்: குடலிறக்கத்துக்குள் மாட்டியிருந்த குடல்வாலை ஒரு குண்டூசி துளைத்திருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. மயக்க மருந்தே இல்லாத காலம் என்று சொல்லும்போது அவர் மயங்கி விழுந்துவிடுவார்.

ஆகஸ்ட் 15, விடியற்காலை 4 மணி

அந்தப் பெண் குழந்தையை ராத்திரி 9 மணிக்கு மறுபடி தூக்கி வந்தார்கள்.

இப்போது அழவில்லை. முழங்காலை மடக்கி, அசையாமல் படுத்திருந்தாள். நாடி 160. வயிறு பலகை. உடனே கத்தியைத் தூக்கவில்லை. கிலோவுக்கு 20 மி.லி. கணக்கில் இரண்டு முறை சலைன், ஆன்டிபயாடிக், சிறுநீர் இறங்கிய பிறகுதான் தியேட்டர்.

திறந்ததும் சீழ். குடல்வால் இடுப்புக்குழிக்குள் தொங்கி, மலக்குடலின் மேல் சாய்ந்திருந்தது. அது சீண்டிச் சீண்டித்தான் பேதி போயிருக்கிறது. நான் பார்த்தது பேதியை மட்டும். உள்ளே கல்லாக இறுகிய மலத்துணுக்கு ஒன்று அடைத்து நிற்க, அதற்கு அப்பால் ஓட்டை. பெரியவர்களுக்கு வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்புத் திரை ஓடிவந்து ஓட்டையைப் பொத்திக்கொள்ளும். 4 வயதில் அது வெறும் சல்லாத்துணி. சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. உறிஞ்சி எடுத்து, ட்யூப் வைத்து மூடினோம்.

ஆகஸ்ட் 15, மாலை

தூக்கம் வரவில்லை. சீஃப் என் ஓ.பி. சீட்டை நீட்டினார். 'வயிறு மென்மையாக உள்ளது' என்று என் கையெழுத்து. "ஏம்மா, கத்திக்கிட்டிருந்த பிள்ளையோட வயிறு மென்மைன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

பதில் இல்லை. அழுதால் வயிறு இறுகத்தான் செய்யும். மென்மை என்று பழக்கத்தில் எழுதியிருக்கிறேன். அம்மா மடியில் தூங்கவிட்டு, அம்மா கையை வயிற்றில் வைக்கச் சொல்லி, அதன் மேல் என் கையை வைத்து அழுத்தியிருக்கலாம். நாலு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை தொட்டிருக்கலாம். கட்டில் காலி இல்லைதான். ஆனால் வெளியே பெஞ்ச் இருந்ததே.

குழந்தையின் அம்மாவிடம் சொன்னேன்: "திங்கக்கிழமையே நான் கண்டுபிடிச்சிருக்கணும்." அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப பொழச்சுக்குவாளா?" என்று மட்டும் கேட்டார்.

9 வயதுக்காரன் இன்று வீட்டுக்குப் போய்விட்டான். எனக்கு டாட்டா காட்டவில்லை.

ஆகஸ்ட் 18

தினமும் நான் கேட்கிற கேள்வி, "காத்து பிரிஞ்சதா?" இன்று ரவுண்ட்ஸ் நடுவில், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அவளே பதில் சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டில் தாத்தா கை தட்டினார். குடல் விழித்துக்கொண்டது. இளநீர் ஆரம்பிக்கலாம்.

ஆகஸ்ட் 20

இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. ட்யூப்பை எடுத்தாயிற்று. அரை இட்லி சாப்பிட்டாளாம். கட்டிலை விட்டு இறக்கி, "எங்க, ஒரு குதி குதிச்சுக் காட்டு" என்றேன்.

"நீங்க மொதல்ல."

சிஸ்டர் முன்னால், ஸ்டெத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அப்புறம் அவளும், கட்டுப் போட்ட இடத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, அரை அங்குலம்.