துணைக்குழுவில் தெரியும் பலன்

மருத்துவ ஆய்வு முடிவுகளைப் புள்ளியியல் நோக்கில் ஆராய்ந்து மருத்துவர்களுக்கு விளக்குவது என் பணி. முதன்மை இலக்கை எட்டாத ஓர் ஆய்விலிருந்து, பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் தெரியும் துணைக்குழுப் பலன் ஒன்று எடுத்துக்காட்டப்படும்போதுதான் நான் மிகவும் தயங்குகிறேன். ஏஎல் அமிலாய்டோசிஸ் நோயில் உறுப்புகளில் படிந்த புரதத்தை அகற்ற முயலும் ஆன்டிபாடி மருந்துகள் அந்தத் தயக்கத்தை வலுப்படுத்தியுள்ளன.

அவற்றில் ஒன்றான பிர்டாமிமாப் மருந்தின் வைட்டல் ஆய்வு, பலன் கிட்டும் வாய்ப்பில்லை என்ற மதிப்பீட்டால் 2018இல் நிறுத்தப்பட்டது. அதில் பங்கேற்ற 260 பேரில், மாயோ என்ற நோய்நிலை வகைப்பாட்டில் இதயப் பாதிப்பு மிக முற்றிய நான்காம் நிலையினர் 77 பேரை மட்டும் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, ஒன்பதாம் மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 74 சதவீதத்தினரும் மருந்துப்போலி பெற்றவர்களில் 49 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தனர். பிரமிக்க வைக்கும் வேறுபாடுதான். ஆனால் ஆள்கணக்கில் அது ஏறக்குறைய பத்துப் பேர். இரு குழுக்களின் இறப்பு வேகத்தை ஒப்பிடும் ஆபத்து விகிதம் (1 என்றால் வேறுபாடில்லை) 0.413 என்றாலும், அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, 0.191இலிருந்து 0.895 வரை நீண்டது.

இத்தகைய எண்ணுக்கு உயிரியல் விளக்கம் உடனே கிடைத்துவிடும் என்பதே என் கவலை. முற்றிய நிலையில் இறப்பு விரைவாக நிகழ்வதால் மருந்தின் பயனும் விரைவாகத் தெரிகிறது என்று மருந்துக்கு ஆதரவாக வாதிடப்பட்டது, நியாயமான வாதம்தான். ஆனால் தொடக்க நிலையினரிடம் பலன் தெரிந்திருந்தால், அவர்களின் இதயம் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருந்தது என்று அதே நம்பிக்கையுடன் சொல்லியிருப்போம். எந்தப் பக்கம் விழுந்தாலும் பொருந்தும் விளக்கம் சான்றாகாது.

மருந்தை உருவாக்கிய நிறுவனம் அந்த எண்ணை வைத்தே அதை விற்க முயலாமல், நான்காம் நிலையினரிடம் மட்டும் அஃபர்ம்-ஏஎல் என்ற புதிய ஆய்வை நடத்தியதை மனதாரப் பாராட்டுகிறேன். 2025இல் வெளியான அதன் முடிவில் ஆபத்து விகிதம் 0.915; இலக்கு எட்டப்படவில்லை, மருந்தும் கைவிடப்பட்டது.

அதே ஆண்டில், இதே நோய்க்கான ஆன்செலமிமாப் என்ற மற்றொரு ஆன்டிபாடி மருந்தின் ஆய்வுகளும் ஒட்டுமொத்தமாக இலக்கை எட்டவில்லை. முன்கூட்டியே வரையறுத்த ஒரு துணைக்குழுவில் பலன் தெரிந்ததாக அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே வரையறுத்தது என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. ஆயினும் எத்தனை துணைக்குழுக்கள் வரையறுக்கப்பட்டன, அந்தக் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு நேரடியாகச் சோதிக்கப்பட்டதா, மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்காமல் என்னால் மேலே வாசிக்க முடிவதில்லை. ஒட்டுமொத்தத்தில் பலன் தெளிவாக இல்லாமல் ஒரு பகுதியில் மட்டும் பெரிதாக இருந்தால், மீதிப் பகுதியில் பலன் அற்பமாகவோ பாதகமாகவோ இருந்திருக்கக்கூடும். அந்த மீதியில் இருப்பவர்களும் நோயாளிகளே.