ரிப்போர்ட்டில் நான் தாண்டிப்போன ஒரு வரி

அப்பாவுக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது ஆறு வருடங்களுக்கு முன் தெரிந்தது. அதற்குள் கல்லீரல் இறுகும் சிரோசிஸும் தொடங்கியிருந்தது. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை, தவறவே கூடாது" என்று கோவையில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். கல்லீரலில் புற்றுநோய் வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் இது; ஏ.எஃப்.பி. என்பது அந்தப் புற்றில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. இலை நன்றாக வரும் மாதங்களில் அப்பாவைக் கீழே அழைத்துப்போவது பெரும்பாடு. "வலி இல்லை, பசி எடுக்கிறது, எதற்கம்மா ஸ்கேன்?" என்பார். கல்லீரலின் உள்ளே வலி தெரியாது, அதன் மேலுறை இழுபட்டால்தான் வலிக்கும் என்பது அப்போது எனக்கும் தெரியாது.

ஒருமுறை அலைச்சல் வேண்டாம் என்று மலையிலேயே ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போனோம். குளிருக்கு இதமாக அப்பா வழியில் பால் டீ குடித்தார், நான் தடுக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. ரிப்போர்ட்டின் கடைசியில் கட்டி எதுவும் இல்லை என்றிருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரி: 'வாயு மறைப்பதால் கல்லீரலின் மேல்பகுதி முழுமையாகத் தெரியவில்லை.' அதையும் படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த வரிதான்.

அடுத்த முறை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். முந்தின இரவு எட்டு மணிக்குப் பிறகு அப்பா எதுவும் சாப்பிடவில்லை. குஞ்சப்பணை வளைவுகளில் வெறும் வயிறு புரட்ட, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். வெறும் வயிறாக இருந்தால்தான் பித்தப்பை நிறைந்திருக்கும், குடலில் வாயுவும் குறையும்.

கோவையில் ஸ்கேன் எடுத்த டாக்டர் பழைய ரிப்போர்ட்டை முதலில் வாங்கிப் படித்தார். நான் தாண்டிப்போன வரியில் அவர் விரல் நின்றது. பிறகு வயிற்றில் ஜெல் தடவினார். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி அலை உள்ளே போகாது. "ஐயா, மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள்." மூச்சை இழுத்ததும் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும் கல்லீரல் கீழே இறங்குகிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை அழுத்திச் சாய்த்தார். மீண்டும் மூச்சு, மீண்டும் சாய்வு. இருபது நிமிடம் ஆகியிருக்கும். சாம்பல் நிறப் படத்தில் சற்றே கறுத்த ஒரு வட்டம் வந்து நின்றது. திரையை நிறுத்தி இரு ஓரங்களிலும் சின்னக் கூட்டல் குறி வைத்தார். 18 மில்லிமீட்டர்.

அதைப் புற்றுநோய் என்று அவர் சொல்லவில்லை. அல்ட்ராசவுண்ட் ஒரு கட்டி இருப்பதைக் காட்டும். அது இன்னதென்று அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது என்றார். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்திருந்தால் மூன்று மாதத்துக்குள் திரும்பப் பார்ப்பார்களாம். அதற்கு மேல் என்பதால் உடனே மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். ஏ.எஃப்.பி. அளவு சாதாரணமாகவே இருந்தது. அதை நம்பி ஊர் திரும்பலாமா என்று கேட்டேன். சின்னக் கட்டிகளில் பலவற்றில் அது ஏறுவதே இல்லை என்று மறுத்துவிட்டார்.

சி.டி. படத்தை வைத்துக் கல்லீரல் டாக்டர் விளக்கியதை மறக்க மாட்டேன். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது; இந்த வகைப் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. அதனால் மருந்து தமனியில் ஓடும் முதல் நொடிகளில் கட்டி பளிச்சென்று வெளுத்தது. சற்று நேரம் கழித்து எடுத்த படத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துப்போனது. சிரோசிஸ் உள்ளவருக்கு இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால், ஊசி போட்டுச் சதை எடுக்காமலே கல்லீரல் புற்றுநோய் என்று உறுதி செய்யலாமாம். அப்பா ஒன்றும் பேசவில்லை. "இந்த வாரம் இலை எடுக்க ஆள் சொல்லிவிடு" என்றார், அவ்வளவுதான்.

கட்டி சிறியதாகவும் ஒன்றே ஒன்றாகவும் இருந்ததால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஊசி செலுத்திச் சூட்டில் கருக்கினார்கள். ஊசிக்கு வழிகாட்டியதும் அல்ட்ராசவுண்ட் திரைதான். ஒரு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் இல்லை, அதாவது உயிருள்ள கட்டி எதுவும் தெரியவில்லை.

இப்போதும் முதல் பஸ்தான், வெறும் வயிறுதான். பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வாரியாக என் பையில் இருக்கும். ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுவதற்கு முன் அப்பாவே கேட்டுவிடுகிறார்: "டாக்டர், மேல்பகுதி முழுதும் தெரிந்ததா?"