ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று வந்த பிறகு

மூன்றாம் மாதம் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான் எனக்கும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று நர்ஸ் என் அட்டையின் மேல் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ‘ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். விளக்கிச் சொல்ல அவருக்கு நேரமில்லை, பின்னால் அவ்வளவு பெரிய வரிசை. கல்லீரலைத் தாக்குகிற வைரஸ் அது. எனக்கோ மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. வேறு யாருடைய ரிப்போர்ட்டோ மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

மறுபடி எடுத்தும் அதேதான். கல்லீரல் டாக்டரைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே இந்த வைரஸை விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றினால், 100 குழந்தைகளில் 90 பேருக்கு அது உடம்பில் தங்கிவிடும். பல வருடம் கழித்துக் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரலாம். “உங்க அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்துப் பாருங்க” என்றார்.

அம்மாவுக்கும் பாசிட்டிவ். “அப்போ நான்தான் உனக்குக் குடுத்தேனா?” என்று கேட்டவள், அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. அவள் என்னைச் சுமந்தபோது யாரும் அவளுக்கு இந்தப் பரிசோதனை செய்யவில்லை, பிறந்த எனக்குத் தடுப்பூசியும் போடவில்லை. அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது?

கணவருக்கு நெகட்டிவ். அவருக்கு உடனே தடுப்பூசி ஆரம்பித்தார்கள். மாமியார் என் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தது மனதை அறுத்தது. அடுத்த தடவை அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சேர்ந்து சாப்பிட்டால் பரவாது, ரத்தம் படக்கூடிய பிளேடும் பல் பிரஷும் மட்டும் தனியாக இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகு தம்ளர் பழைய இடத்துக்கு வந்தது.

அப்புறம் வைரஸின் அளவு பார்த்தார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால், குழந்தைக்குப் பரவாமல் தடுக்கத் தாய்க்கு மாத்திரை வேண்டும். எனக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தது. 28-வது வாரத்திலிருந்து தினமும் ஒரு டெனோஃபோவிர். எச்.ஐ.வி.க்கும் தருகிற மாத்திரை என்பதால் மருந்துக் கடையில் ஒரு மாதிரி பார்த்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டேன்.

டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கூடவே, வைரஸை உடனே எதிர்க்கிற எதிர்ப்புப் பொருள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும் கிடைத்தால் இன்னும் பாதுகாப்பு. 2022-இல் உலகம் முழுக்கப் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட அந்த முதல் ஊசி நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

மகள் பிறந்தது ஞாயிறு இரவு 11:20-க்கு, சுகப்பிரசவம். இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் தடுப்பூசி அறை பூட்டியிருந்தது. “காலையில் பார்க்கலாம்” என்றார்கள். இம்யூனோகுளோபுலினோ அங்கே இருப்பிலேயே இல்லை. என் கணவர் சிவப்பு எழுத்து போட்ட அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். ஒரு நர்ஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சாவி வைத்திருப்பவருக்கு அவரே போன் செய்தார். ஐஸ் வைத்த டப்பாவில் வெளியிலிருந்து இம்யூனோகுளோபுலினும் வந்து சேர்ந்தது. காலை ஆறரைக்குள் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. என் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத தொடைகளில், பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது. அழுது ஓய்ந்ததும் தாய்ப்பால் கொடுத்தேன். கொடுக்கலாமா என்று நூறு தடவை கேட்டிருப்பேன், தாராளமாகக் கொடுக்கலாம்.

மீதித் தவணைகளைத் தேதி தவறாமல் போட்டோம். ஒன்பது மாதம் முடிந்ததும் ரத்தம் எடுத்தார்கள். தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தியும் போதுமான அளவு இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. முதல் போன் அம்மாவுக்குத்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் அழுதாள். அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் கல்லீரல் ஸ்கேன் இருக்கிறது, சேர்ந்தே போகிறோம்.