திறந்ததா, திறந்ததால் கெட்டதா?

சர்வீஸ் சென்டர் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் சொல்லித் தருவது ஸ்டிக்கர் பார்க்கத்தான். ஸ்க்ரூ மேல் ஒட்டிய அந்தத் துண்டுத் தாள் கிழிந்திருந்தால் "வாரண்டி போச்சு சார்" என்று ஜாப் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். ஆனால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர அந்த ஸ்டிக்கருக்கு வேறொன்றும் தெரியாது.

ரேம் கூட்டிய லேப்டாப் ஒன்று வந்தது. புகாரோ மூடியின் கீல் விரிசல் பற்றியது. ரேமுக்கும் கீலுக்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்றில் வாடிக்கையாளரே மாற்றிய பேட்டரி உப்பி, டச்பேடைத் தூக்கியிருந்தது. அதைக் கம்பெனி தலையில் கட்டுவது நியாயமில்லை. இரண்டுக்கும் கவுன்டரில் கிடைத்த பதில் ஒன்றுதான். அங்கேதான் எனக்கு உறுத்தல்.

அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, "எங்கள் உதிரிபாகத்தையும் எங்கள் சர்வீஸையும் காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி" என்று ஒரு கம்பெனி பொதுவாக நிபந்தனை போட முடியாது. இதைச் சுட்டிக்காட்டி 2018 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 'கிழித்தால் வாரண்டி செல்லாது' ஸ்டிக்கரும் அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைக்கு விற்றவரே குறைந்தது 2 ஆண்டு பொறுப்பு. முதல் ஆண்டில் தெரியவரும் குறை, பொதுவாக, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லையென்றால் விற்றவர் நிரூபிக்கட்டும்.

மென்பொருளில் கை வைத்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல். நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ள சாம்சங் போன்களில் கம்பெனி தராத வேறு மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு மின் ஃபியூஸ் எரிந்து, அதைக் காட்டும் குறி 0 என்பதிலிருந்து 1 ஆகிவிடும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது மாறாது. சரி, சார்ஜிங் போர்ட் தளர்ந்ததற்கு அந்த 1 எப்படிச் சாட்சியாகும்? வோல்டேஜ் ஏற்றி ஓவர்கிளாக் செய்த (குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டிய) பிராசசர் செத்தால் மட்டும் நான் கம்பெனி பக்கம்தான் நிற்பேன்.

வாரண்டி வேறு, சப்போர்ட் வேறு. நீங்கள் போனில் ஏற்றிய கஸ்டம் ராம் (ROM, வெளியார் உருவாக்கிய இயங்குதளம்) அடிக்கடி நின்றுபோகிறது என்று ஹெல்ப்லைனைக் கூப்பிட்டால் அவர்கள் கைவிரிப்பதில் தப்பில்லை. வன்பொருள் குறைக்கு அதே பதிலைச் சொல்லும்போதுதான் விடக்கூடாது.

கழற்றிய ஒரிஜினல் பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மறுத்தால், எந்த மாற்றத்தால் எந்தப் பழுது என்று எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்தவரை எழுத்தில் கேட்டவர்களின் ஜாப் ஷீட் கவுன்டரில் நிற்காது, டெக்னீஷியன் மேசைக்குப் போகும். அவர் போர்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.