படம் எடுக்கும் முன்பே சென்சார் சான்றிதழ் கேட்டார்கள்

சர்ச்சையான நாவலைப் படமாக்கினால் சென்சாரில் மாட்டுவாய் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். சென்சார் வரைக்கும் போனால்தானே! கொதிப்பு இன்னும் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாவலின் பெயர் வேண்டாம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. அதில் வரும் கங்காணி, அதாவது தோட்டத் தொழிலாளர்களை மேய்க்கும் மேஸ்திரி, எங்கள் தாத்தாதான் என்று ஒரு தரப்பு நாவல் வந்தபோதே ரகளை செய்தது.

எழுத்தாளர் ஒரே டீயில் சம்மதித்துவிட்டார். "தாராளமா எடுங்க தம்பி. ஆனா ஏற்கெனவே ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்திருக்கேனே" என்றார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. 2011இல் ஒரு தயாரிப்பாளர் உரிமையை வாங்கி, எதிர்ப்புக்குப் பயந்து கிடப்பில் போட்டிருக்கிறார். தேடிப் பிடித்தால், விட்டுக்கொடுக்க எங்கள் பட்ஜெட்டில் பாதியைக் கேட்டார். எழுத்தாளரின் பீரோவில் வேட்டிகளுக்கு அடியிலிருந்து அந்தப் பத்திரம் வெளியே வந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது: இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அரைப் பக்கம், காலக்கெடு பற்றி ஒரு வரி கிடையாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்து வையுங்கள். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. காலம் குறிப்பிடாத பத்திரத்துக்கு எப்படியும் ஐந்து வருஷம்தான் ஆயுள். வக்கீல் நோட்டீஸ் போனதும் பணப் பேச்சு நின்றது, கையெழுத்து வந்தது. பதிப்பாளரிடம் கேட்டால் போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், சினிமா உரிமை பெரும்பாலும் அவரிடம் இருக்காது.

அப்புறம்தான் ஊட்டியில் படப்பிடிப்பு அனுமதி தரும் அந்த அலுவலகம். காதை மூடி மப்ளர் கட்டியிருந்த குமாஸ்தா, கதைச் சுருக்கத்தில் 'நாவலைத் தழுவியது' என்ற வரியில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் புக்குதானுங்களே இது? பிரச்னையான புக்காச்சே. சென்சார் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க, பர்மிஷன் பார்க்கலாம்."

"சார், படம் எடுத்தாத்தானே சென்சார்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

சென்சார் வாரியம் முடிந்த படத்தைப் பார்த்துத்தான் சான்று தரும், நம் ஊர்ப் படத்தின் திரைக்கதைக்கு முன்கூட்டியே முத்திரை குத்தாது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் அடுத்த ஃபைலின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது தொட்டபெட்டா ஜங்ஷன் தாண்டி மூடுபனியில் பஸ் ஊர்ந்தது. வழியெல்லாம் என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. இத்தனைக்கும் அவர் அந்த நாவலைப் படித்தவர் இல்லை, கேள்விப்பட்டவர்.

அடுத்த முறை வாய்ப்பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. சென்சார் சான்று முன்கூட்டியே வேண்டும் என்பதை எழுத்தில் தரச் சொல்லி ஒரு மனு. பெருமாள்முருகனின் மாதொருபாகனைத் தடை செய்ய மறுத்து 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் நகலையும் அதோடு சேர்த்துக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். அது புத்தகம் பற்றிய தீர்ப்புதான், சினிமா பற்றியது அல்ல. ஆனாலும் மறுப்பை எழுதித் தர அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. அனுமதி வந்துவிட்டது. வாயால் சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள், பாதி விதிகள் அங்கேயே மறைந்துவிடும்.

அனுமதி கையில், தோட்டம் இல்லை! சரி என்று சொன்ன எஸ்டேட் மேனேஜர் நாவலின் பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில் ஒரு சிறு விவசாயி தன் தோட்டத்தைக் கொடுத்திருக்கிறார். கவாத்து வெட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வெட்டிவிட்டால் செடியெல்லாம் வெறும் குச்சி, புதுத் துளிர் வர மாதக்கணக்காகும், எங்கள் கதையோ பச்சையில் நடப்பது.

இப்போது பாக்கி எருமை. ஓர் எருமை வேலியைத் தாண்டும் காட்சிக்கு விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். முன்பு திருவான்மியூரில் இருந்த வாரியம் இப்போது ஹரியானாவில், பல்லப்கரில். படத்துக்கு வேறு பெயர் வைத்துவிட்டேன். நாவல் பற்றி மூச்சு விடாமல், எருமை, வேலி, தாண்டுதல் என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.